குட்டை மீனில் நம்ம மீன் எது?

வங்கியில் இருந்த காலமெல்லாம் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து நல்லதா கள்ளதா என்று பார்த்தவன் நான். ஆனால் வாழவந்தி நாட்டில் நிலம் வாங்கி, பண்ணைக்குட்டை வெட்டியபோது ஏமாந்துவிட்டேன். "கொசுப்புழு தின்னும், விடுங்க" என்று ஒருவர் கொடுத்த மீனை, நம்ம ஓடை மீன் என்று நம்பி விட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் குட்டையில் தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. பக்கத்து வயல் பெரியவர் கையில் அள்ளிப் பார்த்துச் சொன்னார்: "சார், இது நம்ம மீன் இல்லீங்க. நெத்தியில பொட்டு எங்கே?"

நான் விட்டது கம்பூசியா. அமெரிக்க மீன். கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் இருக்கிறது. கொசுப்புழுவோடு தவளை முட்டை, தலைப்பிரட்டை, தும்பியின் குஞ்சு, மற்ற மீன்களின் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். மருந்தடிக்காத நமக்கு வயலில் பூச்சி பிடிக்கும் கூலியில்லா ஆட்கள் தவளையும் தும்பியும்தானே?

இரண்டும் விரல் நீளம். இரண்டும் மேல்மட்டத்தில் நீந்தும். இரண்டுக்கும் வாய் மேல்நோக்கி இருக்கும். பிரித்தறிய ஒரு வெள்ளைக் கிண்ணமும் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் போதும்.

1. மேலிருந்து பாருங்கள். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னினால் நம்ம மீன். கேரளத்தில் இதை மானத்துக்கண்ணி என்பார்கள். கம்பூசியாவுக்குப் பொட்டு கிடையாது.

2. பாட்டிலில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். நம்ம மீனுக்கு வயிற்றுக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பு சீப்பு மாதிரி வால் பக்கம் வரை நீளும். கம்பூசியாவுக்கு அது குட்டை. ஆணுக்கு அதுவே ஒரு குச்சியாக நீண்டிருக்கும்.

3. நிறம். நம்ம மீன் உடம்பில் பொன் புள்ளி வரிசை, பின்பாதியில் கருப்புப் பட்டை. கம்பூசியா வெறும் சாம்பல். வாலில் பொடிப் பொடிக் கரும்புள்ளி.

4. வயிறு. கம்பூசியா குட்டி போடும்; சினை மீனின் வயிற்றோரம் கருப்புத் திட்டு தெரியும். நம்ம மீன் நீர்ச்செடியில் முட்டை ஒட்டும்.

கப்பியிலும் கவனம் வேண்டும். ஆண் கப்பி வண்ணமாக இருக்கும். பெண் கப்பியோ கம்பூசியா போலவே சாம்பல்தான். இதுவும் வெளிநாட்டு மீனே. பிளந்த வாலும், பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாய் நீளக்கோடும் இருந்தால் அது ஓடையில் கூட்டமாக ஓடும் வேறொரு நாட்டு மீன்.

தெரிந்தபின் என்ன செய்தேன்? சித்திரையில் தண்ணீரைத் துணி கட்டி வடித்து வாழைக்குப் பாய்ச்சினேன். ஓடைக்கு ஒரு சொட்டுகூட விடவில்லை. சினையான ஒரு பெண் மீன் தப்பினாலே போதும், மறுபடி குட்டை நிறைந்துவிடும். மீன்களை எருக்குழியில் போட்டு மூடினேன். சேறு வெடிக்கும் வரை காயவிட்டேன். கம்பூசியா முட்டையிடாது, அதனால் சேற்றில் மிச்சம் இருக்காது. மழை வந்தபின், எங்கள் ஓடையிலிருந்தே பொட்டு மீன் பத்து கொண்டுவந்து விட்டேன். இந்த ஐப்பசியில் தலைப்பிரட்டை திரும்பியிருக்கிறது.

அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்றில் அறுத்த மீனும் பொருந்தி நீந்தியதாக எங்கள் மலையில் கதை உண்டு. ஓடையில் கம்பூசியா பெருகி நம்ம மீன் அற்றுப்போனால், அதைப் பொருத்தித் தர யாராலும் முடியாது. யார் மீன் கொடுத்தாலும், முதலில் பொட்டைப் பாருங்கள். பிறகு குட்டையில் விடுங்கள்.