ஸ்விட்சைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

“செல்ஃப் எடுக்கவில்லை.” “ரிவர்ஸ் லைட் எரியவில்லை.” “டி-யில் போட்டாலும் மீட்டர் போர்டில் காட்டவில்லை.” ஆட்டோமேட்டிக் கார் இப்படி ஒரு புகாரோடு வந்தால் பலரும் முதலில் பழி போடுவது கியர் நிலையை அறியும் ஸ்விட்ச் மேல்தான். மாருதி செலேரியோ 2014-இல் ஏஎம்டியோடு வந்த பிறகு கிளட்ச் பெடல் இல்லாத வண்டி நடுத்தர வீடுகளுக்கும் எட்டியது. அப்போது வாங்கியவை இன்று கை மாறி உப்பிலியபுரம், துறையூர் பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகின்றன. புது ஸ்விட்சைத் திருச்சியிலிருந்து வரவழைத்து மாட்டி, கோளாறு அப்படியே இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. மாட்டிப் பார்த்த மின்பாகத்தைக் கடைக்காரர் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்.

எந்த வகை வண்டி?

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி வண்டிகள் பலவற்றில் லிவரிலிருந்து கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகும். ஸ்விட்ச் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். ஏஎம்டியில் லிவர் அனுப்புவது மின்சிக்னல் மட்டுமே. அதன் நிலையை அறியும் சென்சார் லிவருக்கு அடியிலேயே இருக்கும். இது தெரியாமல் வண்டியைத் தூக்கி அடியில் தேடினால் அரை நாள் வீண்.

ஸ்கேனர் இல்லாமல் ஐந்து நிமிடம்

கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் பிரேக் ஸ்விட்சையும் அதன் ஃபியூஸையும் முதலில் பாருங்கள். பிரேக் சிக்னல் போகாவிட்டால் பல வண்டிகளில் லிவர் பி-யைவிட்டு நகராது. ஏஎம்டியில் வண்டியே ஸ்டார்ட் ஆகாது.

அடுத்து பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத் தனியாகச் சோதியுங்கள்.

பி-யில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்-னில் ஆகிறதா? லிவரை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் ஆகிறதா? அப்படி ஆகிறது என்றால், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் நகர்ந்திருக்கலாம், அல்லது பி நிலையின் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம்.

ஸ்கேனர் சொல்வது பாதி

பேட்டரி வயரைக் கழற்றும் முன் ஸ்கேனர் காட்டும் ஃபால்ட் கோடுகளை எழுதி வையுங்கள். சில வண்டிகளில் அவை அழிந்துவிடும். பி0705 என்றால் கியர் நிலை சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. பி0706 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் பொருந்தவில்லை. பி0707 சிக்னல் தாழ்வு, பி0708 சிக்னல் உயர்வு. இவை எல்லாமே சர்க்யூட்டைச் சுட்டுகின்றன. கோளாறு ஸ்விட்சிலும் இருக்கலாம், கப்ளரிலும் இருக்கலாம், நடுவே ஓடும் ஒயரிலும் இருக்கலாம். லைவ் டேட்டாவைத் திறந்து லிவரை ஒவ்வொரு நிலையாக மாற்றுங்கள். எந்த நிலையில் திரை தடுமாறுகிறதோ, அந்த நிலையின் ஒயரைப் பிடியுங்கள்.

மீட்டர் சொல்வது மீதி

கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீரோ ஆயிலோ இறங்கியிருக்கிறதா, பின் பின்வாங்கியிருக்கிறதா? நெல் மூட்டையும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் நிற்கும் வண்டியானால் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள்.

கான்டாக்ட் வகை ஸ்விட்சானால், கப்ளரைக் கழற்றிய பிறகு வயரிங் படத்தின்படி ஒவ்வொரு நிலையிலும் கன்டினியூட்டி பாருங்கள். ஹால் சென்சார் வகையில் இந்தச் சோதனை செல்லாது. அதற்கு சப்ளை, எர்த், சிக்னல் என மூன்று வோல்டேஜையும் அளக்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். லோடு வந்ததும் படுத்துவிடும். அதனால் ஸ்டார்ட்டர் சிக்னல் ஒயரையும் ரிவர்ஸ் லைட் ஒயரையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். ஈசியு-வுக்குப் போகும் 5 வோல்ட் ஒயரில் அந்த லேம்பை வைக்கவே கூடாது. எர்த்தை சர்க்யூட் வேலை செய்யும்போதே அளந்து பாருங்கள்: ஸ்விட்சின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாயின்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு, மீட்டரைப் பார்த்தபடியே ஒயரிங்கை அங்கங்கே அசைத்துப் பாருங்கள்.

“இப்போதைக்கு” என்று ஸ்விட்சை டைரக்ட் பண்ணிக் கொடுக்காதீர்கள். டி-யில் ஸ்டார்ட் ஆகும் வண்டி எதிரே நிற்பவர் மேல் பாயும்.

மாட்டும்போதும் பிறகும்

கியர்பாக்ஸ் ஸ்விட்சானால் லிவரை என்-னில் வைத்து, ஸ்விட்சின் குறியைப் பொருத்திய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். சில வண்டிகளுக்கு ஸ்கேனரில் மறுபதிவும் தேவை. ஃபால்ட் கோடை அழித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

சோதனைக்கும் கூலி உண்டு

வண்டியை எடுக்கும்போதே சோதனைக் கூலியைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஜாப் கார்டில், வந்த கோடு, அளந்த வோல்ட், கண்ட கோளாறு மூன்றையும் எழுதுங்கள். பத்து ரூபாய் ஃபியூஸோடு வேலை முடிந்தாலும் கூலி கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐயில் இரண்டாண்டு மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்பை விசாரிக்கலாம்; திருச்சியில் திருவெறும்பூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்கள் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும், லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் ஒன்றும் வாங்கிக்கொண்டு, கோளாறு இல்லாத வண்டிகளில் அளந்து குறித்து வைக்க வேண்டும். சரியான அளவு கையில் இருந்தால்தான் தவறான அளவு கண்ணில் படும்.