ஏரியில் விளையும் அரிசி

கேள்வி: பழங்குடிகளின் 'உணவு இறையாண்மை' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

பதில்: அமெரிக்காவின் மின்னசோட்டா ஏரிகளில் தானாக வளரும் காட்டரிசி 'மனூமின்'. ஒஜிப்வே பழங்குடி மக்களுக்கு அது உணவு மட்டுமல்ல, புனிதமும்கூட. படகை ஒருவர் நீண்ட கழி ஊன்றித் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணி படகில் விழும். பால் பிடித்த மணி தாளிலேயே நிற்கும். தண்ணீரில் சிதறுவதுதான் அடுத்த விதை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் நீர்மட்டம் திடீரென ஏறினாலோ, சுரங்கக் கழிவின் சல்ஃபேட் கலந்தாலோ பயிர் போய்விடும். அறுக்கும் உரிமை மட்டும் இருந்து என்ன பயன்? ஏரியின் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். அதுதான் உணவு இறையாண்மை. 2018 இறுதியில் மின்னசோட்டாவின் ஒயிட் எர்த் பகுதி ஒஜிப்வேக்கள், தழைத்து வாழும் உரிமை மனூமினுக்கே உண்டு என்று சட்டம் இயற்றினார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது.