தையில் பால் காய்ச்சப் போகிறீர்களா? குளியலறைச் சுவர் முதலில் காயட்டும்

பருவகால ஆலோசனை: ஐப்பசி முதல் மார்கழி வரை
திருவக்கரை, மயிலம், வானூர், திண்டிவனம் வட்டாரத்துக்கு

புரட்டாசியில் உள்பூச்சு முடித்து, தையில் குடிபோக நாள் பார்த்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. மீதி வேலையில் பெரியது குளியலறை டைல்ஸ். அது சரியாக அடைமழைக் காலத்தில் வந்து விழுகிறது. மேஸ்திரி கிடைத்துவிட்டார், டைல்ஸ் பெட்டியும் இறங்கிவிட்டது என்று கார்த்திகையிலேயே ஒட்டத் தொடங்காதீர்கள். இந்த மழை மாதங்களைச் சுவரைத் தயார் செய்யவும் கசிவைச் சோதிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் வேலையை மழை ஓய்ந்து மார்கழியில் தொடங்குங்கள். குளியலறைக்கு நான்கைந்து நாள் போதும், தைக்குள் முடிந்துவிடும்.

ஏன் இந்த எச்சரிக்கை? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெளிப்பூச்சு இல்லாத செங்கல் சுவர் அப்படிப்பட்ட மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உள்பக்கம் விடும். தண்ணீர் சும்மாவும் வராது. திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மண்ணுக்குள் புதைந்த மரத்தில் நீர் ஊறி, தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை விட்டுச் சென்றதால்தான் அது கல்லானது. அதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. உங்கள் குளியலறையில் ஒரு மழைக்காலமே போதும். சுவருக்குள் ஊறும் நீர் சுண்ணாம்பையும் உப்பையும் சுமந்து வந்து டைல்ஸ் இணைப்புகளில் வெள்ளையாகப் பூக்க விடும், பிடிப்பையும் தளர்த்தும்.

இப்போது, மழையோடு செய்ய வேண்டியவை

முதலில் வெளிப்பக்கம். குளியலறையின் வெளிச்சுவருக்குப் பூச்சு முடிந்ததா, மேல்தளத் தண்ணீர் குழாய் வழியாகத் தள்ளிப் போய் விழுகிறதா என்று மழை பெய்யும்போதே நின்று பாருங்கள். உள்சுவரில் ஈரத் திட்டு தெரிந்தால் சாக்கட்டியால் அதைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். மழை விட்ட பிறகும் அந்தத் திட்டு கோட்டைத் தாண்டிப் பரவினால், வழி எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, பூச்சின் தரம். நம் ஊரைச் சுற்றி கல் குவாரியும் கிரஷரும் இருப்பதால் எம்-சாண்ட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் கிரஷர் தூள் வேறு, சலித்துக் கழுவிய பூச்சு மணல் வேறு. தூள் அதிகம் கலந்த பூச்சு மேலே பொடிந்துகொண்டே இருக்கும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு போல ஒட்டினால் அந்தச் சுவரில் எந்தப் பசையும் நிற்காது, ஏனென்றால் பசை பிடிப்பது சுவரை அல்ல, அந்த மாவை. கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவிவிட வேண்டும். தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி பூசுங்கள். பெயிண்டருக்கு வழக்கம் என்று யாராவது பட்டி பார்த்திருந்தால் முழுக்கச் சுரண்டி எடுங்கள்.

மூன்றாவது, மட்டம். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்து, பள்ளத்தைப் பூச்சிலேயே சரி செய்யுங்கள். டைல்ஸ் பசை 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்கானது. கோணல் சுவரை அதைக் கொண்டு நிமிர்த்த முடியாது. தரையில் தண்ணீர்ப் பொறியை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வாட்டம் இப்போதே தளத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, நீர்க்காப்புப் பூச்சு. பாலிமர் கலந்த சிமெண்ட் வகைக்கு லேசான ஈரச் சுவர் ஒத்துக்கொள்ளும் என்பதால் மழை இதற்குத் தடையல்ல. தரையிலும், சுவரில் குறைந்தது ஓரடி உயரத்துக்கும், ஷவர் பக்கம் ஆறடி வரையிலும் இரண்டு கை அடியுங்கள். இரண்டாவது கை முதல் கைக்குக் குறுக்காகப் போகட்டும். மூலைகளிலும் குழாய் வாய்களிலும் வலைத்துணி வைத்துப் பூசுங்கள். காய்ந்த பின் பொறியை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே, பக்கத்தில், படிக்கட்டுச் சுவரில் கசிவு இல்லையென்றால்தான் அடுத்த படி. குழாய்களையும் காடியை மூடுமுன் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

பசையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்காரர் சொல்லும் பெயரை விட மூட்டையில் இருக்கும் வகை எண்தான் முக்கியம். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15477 பசைகளை வகை பிரித்திருக்கிறது. டைல்ஸின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது செராமிக், டைப் 1 போதும். சொட்டு முத்தாக உட்கார்ந்திருந்தால் அது விட்ரிஃபைடு. சாதா சிமெண்ட் பால் அதன் துளைக்குள் போகாது, டைப் 2 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். இரண்டடிக்கு நான்கடி போன்ற பெரிய டைல்ஸுக்கும், பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவதற்கும் டைப் 3-க்குக் குறையாமல் கேளுங்கள். உங்கள் டைல்ஸுக்கும் சுவருக்கும் பொருந்துமா என்று மூட்டையின் பின்பக்க அட்டவணையைப் படித்து உறுதி செய்யுங்கள். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், மழைக்காலத்தில் கட்டி தட்டிய மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு இதுதான். நாலுக்கு ஆறு அடி குளியலறை, ஏழடி உயரம் வரை டைல்ஸ் என்றால், கதவு போக சுவர் சுமார் 122 சதுர அடி, தரை 24. ஒரு 20 கிலோ மூட்டை 50 சதுர அடி அளவுக்கு வரும். மூன்று மூட்டை தேவை, கைவசம் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒட்டும்போது

முந்தைய இரவு இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். காலையில் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். காய்ந்திருந்தால் தொடங்கலாம். டைல்ஸைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், அது சிமெண்ட் கலவைக்கான பழக்கம். பசையைக் குடிக்கத் தகுந்த தண்ணீரில், மூட்டையில் சொன்ன அளவில் கலக்குங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஆகாது. கலந்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கிளறுங்கள். இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் ஊற்றி மீட்கக் கூடாது, கூடவே சிமெண்டும் சேர்க்கக் கூடாது.

போன மழையில் உறவினர் வீட்டுக் குளியலறையில் ஒரு டைல் தானாக விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைக் கலவை, மற்ற இடமெல்லாம் புதுக் களிமண் நிறத்தில் சுத்தமாக இருந்தது. உருண்டைகளுக்கு இடையே தங்கிய நீரின் கறை மட்டும் வரி வரியாகத் தெரிந்தது. பல் கரண்டியால் சுவர் முழுதும் ஒரே திசையில் வரி இழுத்து, பெரிய டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூசி அழுத்தினால் இப்படி நடக்காது. முதல் டைலை ஒட்டியதும் அதைப் பெயர்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை பரவியிருக்க வேண்டும். வரியிழுத்த பசையில் விரல் வைத்து, ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் சுரண்டி எடுத்துப் புதிது பூசுங்கள்.

இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்து இணைப்பை நிரப்புங்கள். ஷவர் பக்கத்துக்கு எபாக்சி வகை நல்லது. அதன்பின் ஒரு வாரம் யாரும் குளிக்க வேண்டாம்.

மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும், உங்களுக்கு முகூர்த்தம் இருக்கும். ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் நிற்கும் ஈரம் இரண்டுக்கும் காத்திருக்காது. மேஸ்திரி வருவதற்கு முந்தைய இரவே பாலிதீன் தாளும் டேப்பும் உங்கள் கையில் இருக்கட்டும். சுவர் காய்ந்தது என்று அது சொன்ன பிறகே முதல் டைலை எடுக்கச் சொல்லுங்கள்.