ஆகஸ்டு முதல் தேதியின் கணக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மாவட்டக் கல்வி அலுவலகத்தின் திட்டப் பிரிவில் பொறுப்பேற்ற செய்தியோடு, எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தைத் திறந்த மாத்திரத்தில் மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்தும் கண்முன் வந்து நிற்கும் அதிசயத்தையும், இனித் தீர்மானங்களில் பிழைக்கு இடமிராது என்ற உன் நம்பிக்கையையும் எழுதியிருந்தாய். அதிசயம் மெய்யானதே. 1957இல் முதல் அகில இந்தியக் கல்விக் கணக்கெடுப்பு நடந்த காலத்தில், எந்தக் குக்கிராமத்துக்கு எவ்வளவு தூரத்தில் பள்ளி இருக்கிறது என்பதையே ஊர் ஊராக விசாரித்துக் காகிதத்தில் குறிக்க வேண்டியிருந்தது. உன் நம்பிக்கையைப் பற்றித்தான் எனக்குச் சில வார்த்தைகள் சொல்லத் தோன்றுகிறது.

எந்த எண்ணிக்கையும் தானாக விளைவதன்று. ஏதோ ஒரு தினத்தில், ஏதோ ஒரு பிரயோஜனத்தை முன்னிட்டு, அதனால் லாபமோ நஷ்டமோ அடையக்கூடிய ஒருவரால் எழுதப்படுவது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள். நம் தமிழ்நாட்டில் ஆகஸ்டு முதல் தேதியன்று பதிவேட்டில் உள்ள மாணவர் தொகையைக்கொண்டே பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. உபரி என்று கண்டவர்கள் பணி நிரவலில் வேறு ஊருக்குப் பெயர்கிறார்கள். இந்நிலையில், ஜூனில் பள்ளி திறந்தது முதல் முகமே காட்டாத ஒரு குழந்தையின் பெயரை, அது அறுபத்தோராவது பெயராக இருக்கும் பட்சத்தில், ஜூலைக் கடைசியில் அடித்துவிட எந்தத் தலைமையாசிரியருக்குத்தான் மனம் வரும்? அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு பெயர் போனால் மூன்றாம் ஆசிரியரும் போவார், ஐந்து வகுப்புக் குழந்தைகளையும் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள நேரும் என்பதை அவர் அறிவார்; அந்தப் பெயரின் பின்னுள்ள இந்த நியாயம் உன் திரையில் தெரியாது.

சராசரி விகிதமும் இவ்வாறே மயக்கம் தருவது. 20 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியை, ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பேர் என்று வகுத்துப் பார்த்து, ஆடம்பரம் என்று முடிவு கட்டும் அதிகாரிகள் உண்டு. அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கழித்தல் கணக்கும் மறுபக்கம் உயிர்மெய்யெழுத்தும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை வகுத்தல் காட்டிக்கொடுப்பதில்லை.

தேதியின் விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். பள்ளிதோறும் ஆண்டுக்கொரு முறை நிரப்பும் மத்திய அரசின் யூடைஸ் படிவத்துக்கு வெகுகாலமாகச் செப்டம்பர் 30ஆம் தேதியே ஆதாரமாக இருந்து வந்தது; பணியிடக் கணக்குக்கோ ஆகஸ்டு முதல் தேதி. ஆகவே ஒரே பள்ளிக்கு இரண்டு தொகைகள் கிடைத்தால் திடுக்கிட வேண்டாம். அதைவிட முக்கியமானது, இவ்விரண்டு தேதிகளும் கண்ணில் படாமல் தப்பவிடுகிற பருவம். தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் புறப்படும் குடும்பங்களின் குழந்தைகள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஊரில்தான் இருப்பார்கள். பிப்ரவரியில் அவர்கள் பெஞ்சு காலியாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் அந்தப் பள்ளிக்கு ஒரு குறையும் தோன்றாது. அன்றாட வருகைப் பதிவை மாதவாரியாகப் பிரித்து, தை முதல் கோடை விடுமுறை வரை எந்தெந்தப் பள்ளிகளில் ஒரே தெருவின் குழந்தைகள் சேர்ந்தாற்போல் மறைகிறார்கள் என்று பார்த்தாயானால், விடுதி எங்கே வேண்டும், சூளையருகே சிறப்பு மையம் எங்கே வேண்டும் என்பது, ஆண்டறிக்கைகளைப் புரட்டி அறிவதைக் காட்டிலும் தெளிவாகத் துலங்கும்.

நூற்றுக்கு நூறைத் தாண்டிய சேர்க்கை விகிதத்தைக் கண்டு யாரேனும் பெருமைப்பட்டால் புன்னகையோடு நகர்ந்துவிடு. வயது மீறிய பிள்ளைகள் அந்த விகிதத்தின் மேல் எண்ணில் சேர்கிறார்கள், கீழ் எண்ணில் சேர்வதில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளின் தொகையாகிய அந்தக் கீழ் எண்ணும் 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கிலிருந்து நீட்டிப் பார்த்த அனுமானம். திருப்பூர் போல வெளியூர்க் குடும்பங்கள் வந்து குவிந்த நகரத்தில் அந்த அனுமானத்தை நம்பி வகுப்பறை கட்டுவது ஆபத்தான காரியம். அவ்வாறே, மாணவர் கற்றதை அளக்கும் அடைவுத் தேர்வு மதிப்பெண்களைக் கூட்டத்தில் வாசித்து ஆசிரியர்களைத் தலைகுனிய வைக்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், அடுத்த முறை மதிப்பெண் உயரும். படிப்பு உயர்ந்ததா என்பது வேறு விசாரணை.

இனி உன் கடிதத்தில் கேட்ட, மாணவர் குறைந்த பள்ளிகளை அடுத்த பள்ளியோடு இணைக்கும் பட்டியலுக்கு வருகிறேன். மாணவர் குறைந்த பள்ளியிலிருந்து அடுத்த பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதாக வரைபடம் சொல்லும். அந்தத் தூரத்தை ஆறு வயதுக் குழந்தையின் காலால் அளக்க வேண்டும். இடையில் நால்வழிச் சாலையோ, ஐப்பசியில் நிரம்பும் ஓடையோ, தாண்டத் துணிவில்லாத வேறு தெருவோ இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடுமுன் நேரில் நடந்து தெரிந்துகொள். தெருவைச் சொன்னது சாதியை எண்ணி என்பது உனக்கு விளங்கும்.

அந்தப் பட்டியலில் கையெழுத்திடுவதற்கு முன்னதாகச் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடித்து, மாற்றுச் சான்றிதழ் பெற்று, வேறெந்தப் பள்ளியிலும் சேர்ந்ததாகப் பதிவில்லாமல் எமிஸின் பொதுத் தொகுப்பில் தங்கிவிட்ட பெயர்களை எடு. மாவட்டத்துக்கு இத்தனை என்ற கூட்டுத்தொகையை மறந்து, எந்தப் பள்ளியிலிருந்து யார் யார் என்று பிரித்து, வட்டார வள மையத்து ஆசிரியப் பயிற்றுநர்களிடம் கொடுத்து, வீடு தேடிப் போய் விசாரிக்கச் சொல். சிலர் குடிபெயர்ந்திருப்பார்கள், சிலர் தனியார் பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், ஒருசில பெண் குழந்தைகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடு. ஆகஸ்டு பிறந்துவிட்டால் எல்லோரும் பணியிடக் கணக்கில் மூழ்கிவிடுவார்கள், உனக்கு ஆள் கிடைக்காது.

அன்புடன்,
உன் மூத்த சகோதரன்