ஒரு சோறு பதமா? – தொலைபேசி எண்கள் வழியே மாதிரிக் கணிப்பு கற்பித்தல்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியைப் புள்ளியியல் பாடம் தொடங்கும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். எங்கள் காஞ்சிபுரம் மாணவர்களுக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் சொல்வேன். ஜரிகையின் தரத்தை அறிய யாரும் சேலை முழுவதையும் உருக்கிப் பார்ப்பதில்லை. ஓர் இழை போதும். முழுவதையும் அளக்க முடியாதபோது சிறு பகுதியை அளந்து முழுமையைக் கணிப்பதே மாதிரிக் கணிப்பு. பாடம் இவ்வளவுதான் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அது போதாது என்று 2020ஆம் ஆண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பழமொழி தவறிய நாள்

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த நேரம். "உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளைக் கைப்பேசியில் தொடர்புகொள்ள முடிகிறது? தோராயமாகச் சொன்னால் போதும்" என்று தலைமையாசிரியர் கேட்டார். வகுப்பில் 38 பேர். என் கைப்பேசியில் ஏற்கெனவே பதிந்திருந்த பத்துப் பெற்றோரை அழைத்தேன். பத்துப் பேரும் எடுத்தார்கள். "ஏறத்தாழ எல்லோரையும் தொடர்புகொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து 38 எண்களையும் வரிசையாக அழைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. பதினொரு எண்களில் யாரும் கிடைக்கவில்லை. சில அணைத்து வைக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற குரல் மட்டும் வந்தது. வீடு தேடிச் சென்றோம். பெரும்பாலும் பிள்ளையார்பாளையம் பக்கத்து நெசவாளர் வீடுகள். தறி ஓடாததால் ரீசார்ஜ் செய்யவில்லை என்றார் ஒருவர். குறைந்த விலைத் திட்டத்துக்காக சிம்மையே மாற்றிவிட்டார் இன்னொருவர். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, உறவினர் வீட்டில் தார் சுற்றும் வேலைக்குப் போயிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த கணக்கில் அவள் 'தொடர்பில் இருப்பவள்'. பள்ளி திறந்தபோது வந்து சேர்ந்தாள். என்றாலும் இழந்த மாதங்கள் இழந்தவைதாம்.

என் தவறு பத்துப் பேரை மட்டும் அழைத்ததன்று. என் கைப்பேசியில் எண் இருந்தவர்கள் ஏற்கெனவே பள்ளியோடு தொடர்பில் இருந்தவர்கள். அவர்களிடமே போய், தொடர்பில் இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். பானையைக் கிளறாமல் மேலே இருந்த பருக்கையை எடுத்துவிட்டேன்.

இந்தப் பாடத்தை மாணவர்களுக்குக் கொண்டுசெல்ல அதே கைப்பேசி எண்ணையே கருவியாக்கலாம் என்று தோன்றியது. வகுப்பில் நான் வைத்த கேள்வி இது: "நம் ஊரில் எந்தத் தொலைபேசி நிறுவனத்துக்கு எத்தனை சதவீத வாடிக்கையாளர்கள்? எல்லோரையும் கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?"

எண்ணின் பிறந்த வீடும் புகுந்த வீடும்

முதல் பத்துக் கைப்பேசி எண்களின் தொடக்க இலக்கங்களைப் பார்த்தால் போதுமே என்று மாணவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது சரி. நம் நாட்டில் எண்வரிசைகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை நிறுவனவாரியாகவும் வட்டாரவாரியாகவும் ஒதுக்குகிறது. சென்னைப் பக்கம் 9444 என்றால் பி.எஸ்.என்.எல்., 9840 என்றால் ஏர்டெல், 9841 என்றால் ஏர்செல் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இப்போது அப்படிச் சொல்ல முடியாது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மாறுவது நாம் அறிந்ததே. 2015 ஜூலை முதல் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். 2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை முடங்கியபோது தமிழகத்தில் லட்சக்கணக்கானோர் இந்த வழியில்தான் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 9841 என்று தொடங்கும் எண் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் அந்த நிறுவனம் இல்லை.

மாணவர்களிடம் இதை இப்படிச் சொல்கிறேன்: தொடக்க இலக்கங்கள் எண்ணின் பிறந்த வீட்டைக் காட்டும். நமக்குத் தெரிய வேண்டியது புகுந்த வீடு.

தானியங்கிச் சோதனை நடக்கும் விதம்

புகுந்த வீட்டை அறிய வழி உண்டு. நாம் ஓர் எண்ணை அழைத்ததும், அது இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று நம் நிறுவனத்தின் கணினி முதலில் ஒரு பொதுத் தரவுத்தளத்தைப் பார்க்கிறது. பிறகே அழைப்பு சரியான இடத்துக்குச் செல்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் தன் வாடிக்கையாளர்களின் இணைப்புப் பதிவேடும் உண்டு. அனுமதி பெற்ற அமைப்புகள் இவற்றிடம் கணினி வழியே வினவ முடியும். மணி ஒலிக்காமலேயே எண் பயன்பாட்டில் உள்ளதா, எந்த நிறுவனத்தினுடையது என்று விடை கிடைக்கும்.

சந்தைப் பங்கைக் கணிக்கும் படிகள் மூன்று. முதலாவது, கணினியைக் கொண்டு சமவாய்ப்பு முறையில் எண்களை உருவாக்குதல். இரண்டாவது, ஒவ்வொன்றையும் சோதித்தல். மூன்றாவது, பயன்பாட்டில் உள்ள எண்களை மட்டும் நிறுவனவாரியாக எண்ணிச் சதவீதம் காணுதல்.

முதல் படியிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. நம் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. மற்ற ஒன்பது இடங்களில் எந்த இலக்கமும் வரலாம். எனவே மொத்த வாய்ப்புகள் 4 × 10⁹, அதாவது 400 கோடி. நாட்டில் உள்ள கைப்பேசி இணைப்புகளோ 100 கோடிக்குச் சற்று மேல். கண்ணை மூடிக்கொண்டு உருவாக்கும் எண்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே பயன்பாட்டில் இருக்கும்.

இதே சிக்கலை அமெரிக்காவில் வாரன் மிட்டாஃப்ஸ்கி, ஜோசப் வாக்ஸ்பெர்க் ஆகிய புள்ளியியலாளர்கள் 1970களில் சந்தித்தனர். எண்களை நூறு நூறாகத் தொகுதிகளாக்கி, ஒரு தொகுதியில் முதலில் சோதித்த எண் வீட்டு எண்ணாக இருந்தால் மட்டும் அதே தொகுதியில் மேலும் சோதிப்பது அவர்கள் கண்ட வழி. வீண் சோதனைகள் வெகுவாகக் குறைந்தன.

எத்தனை எண்கள் போதும்?

ஊர் பெரிதானால் மாதிரியும் பெரிதாக வேண்டும் என்றே மாணவர்கள் எண்ணுகிறார்கள். குண்டான் சோற்றுக்கும் அண்டா சோற்றுக்கும் பதம் பார்க்கும் பருக்கைகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தேவையில்லை. நினைவில் நிற்க எளிய விதி ஒன்று: மாதிரியின் அளவு n என்றால், பெரும்பாலான நேரங்களில் பிழை 1/√n-க்குள் இருக்கும்.

மாதிரி 100 – பிழை ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி
மாதிரி 400 – பிழை 5
மாதிரி 2,500 – பிழை 2
மாதிரி 10,000 – பிழை 1

பிழை பாதியாக வேண்டுமானால் மாதிரி நான்கு மடங்காக வேண்டும். வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை.

கற்பனையான ஒரு கணக்கு. பயன்பாட்டில் உள்ள 400 எண்களில் அ நிறுவனத்துக்கு 160, ஆ-வுக்கு 132, இ-க்கு 88, ஈ-க்கு 20. சதவீதம் முறையே 40, 33, 22, 5. அ நிறுவனம் முதலிடம் என்று உடனே எழுதிவிடுவார்கள். பிழையைச் சேர்த்துப் பாருங்கள். அ 35 முதல் 45 வரை. ஆ 28 முதல் 38 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே முதலிடம் யாருக்கு என்று இந்த மாதிரியைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. அதே சதவீதங்கள் 2,500 எண்களில் கிடைத்திருந்தால் சொல்லலாம்.

இருபத்து மூன்று லட்சமும் தவறலாம்

மாதிரி பெரிதானால் மட்டும் போதுமா? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்த நாள்களில் ஏழைகள் பலர் அந்தப் பட்டியல்களிலேயே இல்லை. சீட்டுக் கிடைத்தவர்களிலும் பெரும்பாலோர் பதில் அனுப்பவில்லை. அவ்வளவு பெரிய இதழும் என் பத்துப் பெற்றோர் தவறையே செய்திருந்தது.

எண் சோதனையிலும் இந்தக் குழி உண்டு. ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் அவர் இருமுறை எண்ணப்படுவார். கைப்பேசியே இல்லாதவர் எண்ணப்படவே மாட்டார். பயன்பாட்டில் இருப்பதாகப் பதிவேடு சொல்லும் எண் ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கலாம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மாத அறிக்கையைப் பாருங்கள். நிறுவனங்கள் கணக்குக் காட்டும் இணைப்புகள் ஒருபுறம், உண்மையில் வலையமைப்போடு தொடர்பில் இருந்த இணைப்புகள் இன்னொருபுறம் என்று இரண்டும் தரப்படுகின்றன. இடைவெளி கோடிக்கணக்கில் இருக்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையான பொருள்கள்: ஒரு துணிப்பை, ஓர் அட்டைப்பெட்டி, ஒரே நீளத்தில் வெட்டிய 200 நூல் துண்டுகள். தறி வீடுகளில் கழிவு நூல் எளிதில் கிடைக்கும். அரக்கு 80, பச்சை 60, மஞ்சள் 40, நீலம் 20. ஒவ்வொரு நிறமும் ஒரு நிறுவனம். எண்ணிக்கையை மாணவர்களிடம் சொல்ல வேண்டாம்.

படி 1: பையை நன்றாகக் குலுக்குங்கள். வகுப்பைப் பத்துக் குழுக்களாக்குங்கள். ஒவ்வொரு குழுவும் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். இப்படிப் பத்து முறை. அரக்கு ஒரு குழுவுக்கு இரண்டும் இன்னொரு குழுவுக்கு ஆறும் வருவது இயல்பு. "யார் கணக்கு சரி?" என்ற வாக்குவாதம் எழும். எழட்டும்.

படி 2: பத்துக் குழுக்களின் முடிவுகளையும் கூட்டுங்கள். நூறு துண்டுகளில் அரக்கு 40-ஐ ஒட்டி வரும். பிறகு பையைத் திறந்து எண்ணிக்காட்டுங்கள். என் வகுப்பில் 43 வந்தது. மூன்று மட்டுமே வேறுபாடு என்றதும் எழுந்த கைத்தட்டல் இன்னும் நினைவில் இருக்கிறது.

படி 3: அதே துண்டுகளை அட்டைப்பெட்டியில் நிறவாரியாக அடுக்குகளாக வையுங்கள். மஞ்சள் மேலே இருக்கட்டும். குலுக்காமல் மேலிருந்து நாற்பது துண்டுகளை எடுக்கச் சொல்லுங்கள். நாற்பதும் மஞ்சள். முதல் படியில் பத்து மட்டும் எடுத்த குழுக்கள்கூட இவ்வளவு தவறவில்லையே என்று மாணவர்களே சொல்வார்கள். பாடத்தின் உயிர்நாடி இந்த இடம்தான்.

படி 4: தம் வீட்டில் பயன்பாட்டில் உள்ள இணைப்புகளின் நிறுவனப் பெயர்களை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். எண்ணோ பெயரோ வேண்டாம். நிறுவனம் மாறிய இணைப்பானால் அருகில் 'மா' என்று குறிக்கட்டும். சீட்டுகளைப் பெட்டியில் கலந்து, அட்டவணையும் வட்ட விளக்கப்படமும் வரையலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு முதல் இரண்டு படிகளும் நேர்கோட்டுக் குறிகளும் போதும். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நான்கு படிகளையும் இரண்டு பாடவேளைகளில் முடிக்கலாம்.

கலந்துரையாட வினாக்கள்

1. நம் வகுப்பு வீடுகளின் முடிவு காஞ்சிபுரம் முழுவதற்கும் பொருந்துமா? யார் விடுபட்டிருக்கிறார்கள்?
2. நாம் எண்ணியது ஆள்களையா, வீடுகளையா, இணைப்புகளையா? மூன்றுக்கும் ஒரே சதவீதம் வருமா?
3. 'மா' குறியிட்ட சீட்டுகள் எத்தனை? தொடக்க இலக்கங்களை மட்டும் நம்பியிருந்தால் எவ்வளவு தவறியிருப்போம்?
4. டிராய் உரிமவட்டாரவாரியாகவே விவரம் தருகிறது. நம் ஊருக்கு மட்டும் அறிய என்ன செய்யலாம்?

கவனம்

முன்பின் தெரியாத எண்களை மாணவர்கள் அழைக்கக் கூடாது. இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சமவாய்ப்பு எண்களை அழைக்கும் இதே உத்தியை மோசடிக்காரர்களும் கையாளுகிறார்கள் என்பதையும் விளக்கலாம். தெரியாத அழைப்பில் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்பதையும், பண மோசடி நடந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவர்கள் வீட்டில் சென்று சொல்லட்டும். பெற்றோர் எண்களைக் கரும்பலகையில் எழுதுவதும் வேண்டாம். எந்த நிறுவனம் நல்லது என்ற பேச்சுக்குள் வகுப்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளை வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். வெற்றுச் சீட்டும் ஒரு விவரம்தான்.

இப்போதும் பழமொழியைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதன் கீழே 'பானையைக் கிளறினாயா?' என்று ஒரு வரி சேர்க்கிறேன். நம்மிடம் அடிக்கடி தோராயக் கணக்குகள் கேட்கப்படுகின்றன. எத்தனை பேர் காலை உணவு உண்கிறார்கள், எத்தனை வீடுகளில் படிக்க இடமிருக்கிறது, எத்தனை பேர் பாடத்தைப் புரிந்துகொண்டார்கள் என்று. கை தூக்கும் முன்வரிசையை மட்டும் பார்த்து நாம் விடை எழுதிவிடக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒருமுறை அழைத்துப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். எடுக்காத எண்களைத் தனித்தாளில் குறித்துக்கொள்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறேன்.