பிறந்த தேதியைக் கண்ணுக்காக மாற்றாதீர்கள்

டேட் இன்புட்டின் வேல்யூவுக்குள் சர்வரிலிருந்து போக வேண்டிய வடிவம் ஒன்றே ஒன்றுதான்: 2010-03-05. வருடம் நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, நடுவில் சிறு கோடு. கிளையண்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திரையில் எதைப் பார்க்க ஆசைப்பட்டாலும், அங்கே வேறு வடிவத்துக்கு இடமில்லை. இதை ஏற்க மறுத்த ஒருவரால் ஒரு பள்ளியின் மாணவர் பதிவேடு கலைந்தது. அதை ஒவ்வொரு பிள்ளையாகச் சரிபார்த்து மீட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல், விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங், கிளையண்டாக உள்ளூர்ப் பள்ளிகளும் கல்லூரிகளும். உங்கள் நிலைமையும் இதுதான் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

சேர்க்கை ஃபார்மும் திருத்தும் ஃபார்மும் நான் எழுதியவை. டேட்டாபேஸில் இருக்கும் தேதியை எடுத்து, கேப்பிடல் ஒய், ஸ்மால் எம், ஸ்மால் டி என்று ஃபார்மேட் செய்து வேல்யூவில் வைத்திருந்தேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தது: அலுவலகக் கணினியில் மாதம் முன்னால் தெரிகிறது, மார்ச் 5 பிறந்த குழந்தைக்கு 03/05/2010 என்று காட்டுகிறது.

காரணம் எளிது. நாம் கொடுக்கும் 2010-03-05 என்பதை எப்படிக் காட்டுவது என்பதைப் பிரவுசர்தான் முடிவு செய்கிறது. பிரவுசரின் மொழியையும் கணினியின் வட்டார அமைப்பையும் பார்த்து அது வரிசையை மாற்றிக்கொள்ளும். அந்தக் கணினியில் இரண்டும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தன. எப்படிக் காட்டினாலும், சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போது சர்வருக்கு வருவது அதே 2010-03-05தான். தரவு பத்திரமாக இருந்தது. பார்வைதான் மாறியிருந்தது.

"சார், மொழியை இந்திய ஆங்கிலத்துக்கு மாத்தினா போதும், நானே போன்ல சொல்லிடறேன்" என்றேன்.

"ஏம்மா, கஸ்டமரைப் போய் செட்டிங்ஸ் மாத்துன்னு சொல்லுவாங்களா? அவங்க கேக்கறதைக் கோட்ல செஞ்சு குடு" என்றார் டீம் லீட்.

வேல்யூவின் வடிவத்தை மாற்றினால் ஃபீல்டு காலியாகிவிடும் என்று மெயிலிலும் எழுதினேன். பதில் வரவில்லை. வேலை இன்னொருவர் கைக்குப் போனது. நாள், மாதம், வருடம் என்ற வரிசையில், சாய்கோட்டோடு, வேல்யூ மாற்றப்பட்டது.

அடுத்து நடந்ததைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

டேட் வகை ஃபீல்டுக்குச் சரியான வடிவத்தில் வராத வேல்யூவைப் பிரவுசர் வெற்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஹெச்டிஎம்எல் விதி. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. குரோமில் டெவலப்பர் கன்சோலைத் திறந்து பார்த்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும். பள்ளி அலுவலகத்தில் யார் கன்சோலைத் திறக்கப் போகிறார்கள்? அங்கே பணியாற்றும் அக்கா ஒரு மாணவியின் கைபேசி எண்ணை மாற்றத் திருத்தும் ஃபார்மைத் திறப்பார். பிறந்த தேதி காலியாக இருக்கும். அவருடைய வேலை கைபேசி எண் மட்டும்தான், அதை மாற்றிச் சேமிப்பார். சர்வருக்கு வெற்று எழுத்துச்சரம் போகும். அங்கே இருந்த ஸ்ட்ர்-டு-டைம் ஃபங்ஷன் அதைப் புரிந்துகொள்ள முடியாமல் ஃபால்ஸ் என்று திருப்பித் தரும். அந்த ஃபால்ஸை வாங்கிய டேட் ஃபங்ஷன் அதைப் பூஜ்யமாக எண்ணி, யூனிக்ஸ் காலக்கணக்கின் தொடக்க நாளை எழுதிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பிறந்த தேதி 1970 ஜனவரி 1 என்று பதிவானது இப்படித்தான்.

இது கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஃபீல்டை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினார்கள். இப்போது 05/03/2010 என்று அழகாகத் தெரிந்தது. பள்ளிக்குத் திருப்தி, லீடுக்கும் திருப்தி. திரும்பி வரும் எழுத்தைப் படிக்கும் பொறுப்பு மட்டும் அதே ஸ்ட்ர்-டு-டைமிடம் இருந்தது.

எல்லாவற்றையும்விட அதிக விலை வைத்த தவறு இதுதான். சாய்கோடு போட்டு வந்தால் ஸ்ட்ர்-டு-டைம் அதை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று படிக்கும். சிறுகோடு போட்டு வந்தால் நாள் முதலில் என்று படிக்கும். இது பிஹெச்பி கையேட்டிலேயே இருக்கிறது. ஆக 05/03/2010 என்பது மே 3 ஆகிவிட்டது. 25/03/2010 என்றால் இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் ஃபால்ஸ் வந்தது. அதற்கும் ஒரு ஒட்டு போட்டார்கள்: ஃபால்ஸ் வந்தால் சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றி மறுபடி படி. லீட் தன் கையால் ஒரு 25ஆம் தேதியைப் போட்டுச் சோதித்தார். சரியாக வந்தது. அன்று மாலையே நேரலைக்கு அனுப்பிவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தின் 365 நாளில் 12ஆம் தேதிக்குள் வருபவை 144. அவற்றில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 நாள், 04/04 போன்றவை, தப்பித்துவிடும். மீதி 132 நாளில் பிறந்த எல்லாருக்கும் நாளும் மாதமும் இடம் மாறும். மற்ற 221 நாளும் அந்த ஒட்டினால் சரியாகவே பதிவாகும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தப்பாகிறது, ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. மே 3 என்று தப்பாகப் பதிவான தேதி அடுத்த முறை ஃபார்மில் 03/05/2010 என்று தெரியும். அதைத் தொடாமல் சேமித்தால் ஸ்ட்ர்-டு-டைம் மறுபடி மாதம் முதலில் என்று படித்து மார்ச் 5 ஆக்கிவிடும். அதாவது ஒவ்வொரு சேமிப்பிலும் தேதி புரளும். ஒற்றைப்படை தடவை சேமித்திருந்தால் தப்பு, இரட்டைப்படை என்றால் சரி. டேட்டாபேஸைப் பார்த்து எது உண்மை என்று சொல்லவே முடியாது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் என்ற தேர்வர் பட்டியலைத் தயாரித்தபோதுதான் விஷயம் வெடித்தது. மதிப்பெண் சான்றிதழில் ஏறும் பிறந்த தேதி பாஸ்போர்ட் வரை கூடவே வரும். அதில் ஒரு தடவை தப்பு ஏறிவிட்டால் பெற்றோர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர்கள் பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். அன்று நடந்த கூட்டத்தில் லீட் சொன்னது: "டைப் பண்றவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும்." அந்த அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாகத் தட்டவில்லை. இதை அன்று கூட்டத்திலும் சொன்னேன், இங்கும் பதிவு செய்கிறேன்.

மீட்டது இப்படி. மாற்றத்துக்கு முந்தைய பேக்கப்பை வேறு டேபிளில் ஏற்றி, பிறந்த தேதியை மட்டும் ஒப்பிட்டேன். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தவற்றையும், 1970 ஆகிப்போனவற்றையும் பேக்கப்பில் உள்ளபடி திருத்தினேன். மாற்றத்துக்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்குப் பேக்கப் கிடையாது. அவர்களில் நாள் 12க்குள் இருந்து, மாதத்தோடு ஒத்துப்போகாத பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்து, பிறப்புச் சான்றிதழ் நகலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அந்த அக்காதான் கோப்புகளை எடுத்துத் தந்து உடன் உட்கார்ந்தார். ஒரு பிள்ளைக்குக்கூடத் தப்பான தேதி சான்றிதழில் ஏறவில்லை. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

முதலாவது, உள்ளே போவது. டேட் வகைக்கு 2010-03-05. மந்த் வகைக்கு 2010-03. டைம் வகைக்கு 14:30. டேட்டைம்-லோக்கல் வகைக்கு 2010-03-05, அதை ஒட்டி ஆங்கில டி எழுத்து, அதை ஒட்டி 14:30. இதன் கடைசியில் நேர மண்டலத்தைக் குறிக்கும் இசட் எழுத்தைச் சேர்த்தால் வேல்யூ செல்லாது, ஃபீல்டு காலியாகிவிடும். மின், மேக்ஸ் எல்லைகளுக்கும் இதே வடிவம்தான். தப்பாகக் கொடுத்தால் எல்லையே இல்லாததுபோல் நடந்துகொள்ளும்.

இரண்டாவது, எழுத்தின் அளவு. பிஹெச்பியில் கேப்பிடல் எம் போட்டால் மாதத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் வரும், கேப்பிடல் டி போட்டால் கிழமை வரும். நிமிடத்துக்கு ஐ எழுத்து. பழக்கத்தில் ஸ்மால் எம் போட்டால் மார்ச் மாதம் முழுக்க நிமிடம் 03 என்றே காட்டும், பார்க்கச் சரியான நேரம் போலவே இருக்கும். ஜாவாவிலும் டாட்நெட்டிலும் மாதம் கேப்பிடல் எம், நிமிடம் ஸ்மால் எம். ஜாவாவில் வருடத்துக்குக் கேப்பிடல் ஒய் போட்டால் அது வாரக்கணக்கு வருடம். 2024 டிசம்பர் 30ஐ 2025 என்று எழுதிவிடும். ஜாங்கோவில் டேட் இன்புட்டுக்கு வகையை மட்டும் மாற்றினால் போதாது, ஃபார்மேட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் தளத்தின் மொழிக்கேற்ற வடிவத்தில் எழுதி, நான் சொன்ன அதே காலி ஃபீல்டைத் தரக்கூடும்.

மூன்றாவது, திரும்பி வருவதை யூகிக்க விடாதீர்கள். ஸ்ட்ர்-டு-டைமை ஃபார்ம் தேதிக்குப் பயன்படுத்தவே கூடாது. டேட்டைம் வகுப்பின் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்டில் வடிவத்தை நீங்களே சொல்லிப் படியுங்கள். வடிவத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள், இல்லையென்றால் தற்போதைய மணியும் நிமிடமும் சேர்ந்துகொள்ளும். அதோடு விட்டுவிடாதீர்கள். 2023-02-31 கொடுத்தால் அது மறுக்காமல் மார்ச் 3 என்று உருட்டிவிடும். ஆகவே கிடைத்ததை அதே வடிவத்தில் திரும்ப எழுதி, வந்த எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நிராகரியுங்கள்.

நான்காவது, காலியாக வந்த தேதி ஏற்கெனவே இருக்கும் தேதியை அழிக்க அனுமதிக்காதீர்கள். கட்டாயம் என்று பிரவுசரில் குறித்தது போதாது, சர்வரிலும் தடுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, வந்த மூல எழுத்து மூன்றையும் ஒரு லாக் டேபிளில் எழுதி வையுங்கள். அது இருந்திருந்தால் நான் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, இன்றைய தேதி. ஹோஸ்டிங் சர்வர் யூடிசியில் ஓடினால், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நள்ளிரவு முதல் காலை 5:30 வரை அது நேற்றைய தேதியையே நிரப்பும். ஏஷியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் கோடிலேயே எழுதிவிடுங்கள். பிறந்த தேதிக்கு மணி, மண்டலம் எதுவும் வேண்டாம். அதை டேட்டாபேஸில் டேட் வகையாகவே வையுங்கள், டைம்ஸ்டாம்ப் ஆக்காதீர்கள்.

கிளையண்ட் நாள் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டது நியாயமான ஆசை. அதற்கு வழி வேல்யூவில் கைவைப்பது அல்ல. ஃபீல்டின் பக்கத்திலேயே "5 மார்ச் 2010" என்று மாதத்தை எழுத்தில் காட்டுங்கள். கடைசியில் அந்தப் பள்ளிக்கு நான் செய்து கொடுத்தது அதுதான். அதன் பிறகு அந்தப் புகார் வரவில்லை. பிறந்த தேதிக்கு நாட்காட்டியே தொந்தரவு என்றால் நாள், மாதம், வருடம் என்று மூன்று தனிப் பெட்டிகள் வைக்கலாம். பிரிட்டன் அரசின் இணையதள வடிவமைப்பு முறையும் பிறந்த தேதிக்கு மூன்று பெட்டிகளையே பரிந்துரைக்கிறது. ஜேக்வெரி நாட்காட்டியை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேக் கணினியின் சஃபாரியில் 2021 வரை டேட் நாட்காட்டி இல்லாததால் அன்று அதற்குத் தேவை இருந்தது. இன்று இல்லை.

சோதிக்கும்போது 25ஆம் தேதி ஒன்றைப் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். மார்ச் 5ஐப் போடுங்கள், எதையும் தொடாமல் இரண்டு முறை சேமியுங்கள், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். காலியாக அனுப்பிப் பாருங்கள். டிசம்பர் 30ஐயும் பிப்ரவரி 31ஐயும் அனுப்பிப் பாருங்கள். மேலே இருப்பவர் இதெல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் மறுப்பை மெயிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பழி அலுவலக ஊழியர் பக்கம் திரும்பியபோது, என் கையில் இருந்த அந்த ஒரு மெயில்தான் அவரைக் காப்பாற்றியது.