பருத்தியின் இரு பெற்றோரும் ஒரு சாட்சியும்

அம்பத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

பூந்தமல்லியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நாம் உடுத்தும் பருத்தி இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது என்கிறது உன் பாடநூல்; ரைபோசோம் மரபணுவைப் பார்த்தாலோ ஒரு பெற்றோரின் சாயல்தான் தெரிகிறது; இதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே உண்மை. எப்படி என்று சொல்கிறேன்.

நம் நாட்டுப் பருத்தியிலிருந்து தொடங்குவோம். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி, காசிப்பியம் ஆர்போரியம் என்னும் இனம். அதற்கு 26 குரோமோசோம்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக்கு வந்த கம்போடியாப் பருத்தி, காசிப்பியம் ஹிர்சுட்டம். அதற்கு 52. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தைக்கும் பருத்திச் சட்டைகளின் நூலும் பெரும்பாலும் இந்த இனத்தின் பஞ்சுதான். பத்து முதல் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கக் கண்டத்தில், கருங்கண்ணியின் உறவான ஒரு செடியும் பெரு நாட்டுக் காசிப்பியம் ரைமோண்டியின் உறவான ஒரு செடியும் கலந்தன. இருவரின் மரபணுத்தொகுதிகளும் முழுமையாக ஒரே செடியில் சேர்ந்து இரட்டித்தன. முதல் பெற்றோருடையதை ‘ஏ’ என்றும் இரண்டாமவருடையதை ‘டி’ என்றும் குறிப்பார்கள்.

இனி ரைபோசோமுக்கு வருவோம். ஒரு பஞ்சு இழை என்பது விதைத்தோலின் ஒற்றைச் செல் நீண்டு வளர்வது. அதற்கு வேண்டிய புரதங்கள் எல்லாம் ரைபோசோம்களில்தான் உருவாகின்றன. தேவை பெரிது என்பதால் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு ஒன்றிரண்டு படிகளோடு நிற்பதில்லை. 18எஸ், 5.8எஸ், 25எஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த அலகு, தாவரங்களில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அடுத்தடுத்து வரிசையாக இருக்கும். நுண்ணோக்கியில் நீ பார்க்கும் உட்கருமணி இந்த வரிசைகளைச் சுற்றித்தான் உருவாகிறது. 5எஸ் மரபணுவுக்குத் தனி வரிசை, தனி இடம்.

இத்தனை படிகளும் ஆளுக்கொரு திசையில் மாறிப்போயிருக்க வேண்டும். ஆனால் ஓர் இனத்துக்குள் அவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. காரணங்கள் இரண்டு. சமமற்ற குறுக்கேற்றத்தில் வரிசைகள் சற்று நகர்ந்து இணைவதால், ஒன்றில் படிகள் கூடும், இன்னொன்றில் குறையும். அடுத்தது, ஒரு படியின் எழுத்துவரிசை பக்கத்துப் படியின்மேல் பதிந்து, அதையும் தன்னைப்போல் ஆக்கிவிடும். தலைமுறைகள் கடக்கும்போது ஒரு வடிவம் பரவும், மற்றவை மறையும். இதை ஒருமித்த பரிணாமம் என்று சொல்லலாம்.

கலப்பினத்தில் என்ன நடக்கும்? அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் வெண்டலும் அவருடைய சகாக்களும் 1995இல் இதற்கு விடை தந்தார்கள். 52 குரோமோசோம் கொண்ட ஐந்து பருத்தி இனங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் இந்த வரிசைகள் நான்கு இடங்களில் உள்ளன. ஏ பக்கம் இரண்டு, டி பக்கம் இரண்டு. இரு வகைப் படிகளும் சரிபாதியாக இருந்திருக்க வேண்டும். இருந்ததோ ஏறக்குறைய ஒரே வகை! ஒரு பெற்றோரின் படிகள், மற்றவரின் குரோமோசோம்களில் இருந்த வரிசைகளையும் தம் வடிவத்துக்கு மாற்றிவிட்டன. நான்கு இனங்களில் டி வென்றது. பிரேசிலின் காசிப்பியம் மஸ்டலைனத்தில் ஏ வென்றது. அதாவது, இன்னார்தான் வெல்வார் என்ற விதி இங்கே இல்லை.

அதே செடிகளில் 5எஸ் மரபணு வேறு வழியில் போனது. ஏ, டி வரிசைகள் இரண்டும் ஒன்றில் ஒன்று கலக்காமல் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. பெரிய அலகின் வரிசைகள் குரோமோசோமின் முனையருகே இருப்பதால் அவற்றுக்குள் பரிமாற்றம் எளிது என்பது ஒரு விளக்கம்.

இதனால் ரைபோசோம் மரபணுவை நம்பவே கூடாது என்று நினைத்துவிடாதே. கரும்பைப் பார். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், சாக்கரம் அஃபிசினாரம் கரும்பை நாணல் இனமான சாக்கரம் ஸ்பான்டேனியத்துடன் கலந்து புகழ்பெற்றது. இவற்றின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணை 1998இல் உறுதிசெய்தது, ரைபோசோம் மரபணு ஒளிரும் இடங்களை எண்ணிய ஆய்வுதான். அஃபிசினாரத்தின் 80 குரோமோசோம்களில் எட்டு இடங்கள் ஒளிர்ந்தன. ஒரு தொகுதிக்கு ஓர் இடம் என்று கொண்டால், அதன் அடிப்படை எண் 10, அது எண்மடியம். நாணலின் அடிப்படை எண் 8. எத்தனை மடியம் என்ற கேள்விக்கு நல்ல சாட்சியான அதே மரபணு, பெற்றோர் யார் என்று கேட்டால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

இதை நீயே சோதித்துப் பார்க்கலாம். ஜென்பேங்க் தரவகம் எல்லோருக்கும் இலவசம். ஆர்போரியம், ரைமோண்டி, ஹிர்சுட்டம், மஸ்டலைனம் ஆகிய நான்கின் ரைபோசோம் இடைவெளிப் பகுதிகளை எடுத்து, வரிசைப்படுத்தி, ஒரு குலமரம் வரை. பிறகு ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் போல, ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் ஒரு படி மட்டும் வந்த மரபணு ஒன்றை எடுத்து இன்னொரு மரம் வரை. இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தில்தான் கலப்பின் வரலாறு வெளிப்படும். ஒரு மரபணுவின் சாட்சியை மட்டும் கேட்டு ஒரு செடியின் குலவரலாற்றை முடிவுசெய்யாதே. மரங்களை வரைந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்